படகுக்காரரின் மூன்றாவது கலியாணமும் காப்புறுதிச் சட்டமும்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி செல்வம் அண்ணை கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். அவர் விடுகிற ஆள் இல்லை.

"பிள்ளை, நீர் ஓய்வெடுத்து ஒரு வருஷமாச்சு. முப்பது வருஷமா அந்தக் கந்தோரிலை என்ன செய்தனீர் எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. அதையே எழுதித் தாரும்," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் ஆட்களுக்கு நான் 'காப்புறுதியிலை வேலை செய்யிறவ'. கார்க் கதவு நெளிந்த கதையோடு கோயில் வாசலில் என்னை மறித்தவர்களின் எண்ணிக்கை எனக்கே நினைவில்லை. என் கணவர் சிவநேசன், கேட்பவர்களிடம் "அவ காப்புறுதிக்காரரைப் பிடிக்கிற பொலிஸ்" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார். நான் காப்புறுதி விற்றதும் இல்லை, ஒருவரையும் பிடித்ததும் இல்லை. வேறொரு மாநிலத்தில், அமைச்சு ஒன்றின் காப்புறுதி மேற்பார்வைப் பிரிவில் இருந்துகொண்டு ஒரே ஒரு கேள்விக்கு முப்பது வருடம் பதில் தேடினேன். இது காப்புறுதியா, இல்லையா? அவ்வளவுதான் என் வேலை. ஓய்வெடுத்த பிறகு மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கொலோனுக்கு வந்தோம். இப்போதும் காலையில் கோப்பி குடிக்கும்போது அந்த வேலையை நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன். சிவநேசன் பத்திரிகையை இறக்கி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொள்வார்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகதியாக வந்து இறங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது, ஜேர்மன் மொழியில் மூன்று சொல் தெரியும். மொழி வகுப்பு, முதியோர் இல்லத்தில் தரை துடைத்தது, காப்புறுதி நிறுவனம் ஒன்றில் மூன்று வருட அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, அங்கேயே ஆறு வருடம், குடியுரிமை, அமைச்சு வேலைக்கு விண்ணப்பம், வேலை. ஒவ்வொன்றிலும் ஓர் அழுகை இருக்கிறது. அழுகையை இந்த மலரில் மற்றவர்கள் நன்றாக எழுதுவார்கள். நான் படகுக்கு வருகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் வருகிற ஜேர்மன்காரர் எல்லோரும் பேசியது ஜேர்மன் மொழிதான். ஆனால் அவர்கள் பேசியதை நான் மனதுக்குள் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டுப் பழகிவிட்டேன். அப்படியே எழுதுகிறேன். வேறு விதமாக எழுதினால் எனக்குச் சிரிப்பு வராது.

ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பதினான்கு சின்ன ஊர்கள். ஓர் ஊரின் பனி தள்ளும் வண்டி யாருடைய காரையோ இடிக்கிறது. இன்னோர் ஊரின் மரக்கிளை முறிந்து ஒருவர் வீட்டுக் கூரையில் விழுகிறது. ஊர்தான் நட்டஈடு கொடுக்க வேண்டும், சின்ன ஊர் தனியாகத் தாங்காது. ஆகவே பதினான்கும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. முன்கூட்டியே கட்டணம் வாங்குவதில்லை. வருடம் முடிந்ததும் நடந்ததைக் கூட்டி, எல்லா ஊர்களும் பகிர்ந்துகொள்ளும். செத்த வீட்டுச் செலவை அயலார் பகிர்ந்துகொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. இது காப்புறுதி இல்லை, அயலவர் கைகொடுப்பது, அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறது. சங்கத்தில் ஊர்கள் மட்டும் இருக்கலாம், அல்லது ஊர்களுக்குப் பாதிக்குக் குறையாத பங்கு உள்ள நிறுவனம் இருக்கலாம். வெளியார் ஒருவர் உள்ளே வந்துவிட்டால் அந்த நிமிடமே அது அனுமதி இல்லாத காப்புறுதி நிறுவனமாகிவிடும். அதை மூடச் சொல்ல வேண்டியது எங்கள் பிரிவு. சில வருடங்களுக்கு ஒருமுறை ஓர் ஆள் போய், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவார். அந்த ஆள் நான்.

எங்கள் பிரிவின் தலைவர் டொக்டர் பிராண்டல். எந்தக் கோப்பையும் நின்றுகொண்டுதான் வாசிப்பார். உயரமான மேசை ஒன்று, அதன்மேல் எட்டுத் துண்டாக வெட்டிய ஆப்பிள், ஒரு மண்ணிறப் பென்சில். பச்சைப் பென்சில் அமைச்சருக்கு மட்டும் உரியது, அதை வேறு எவரும் தொடக்கூடாது. மற்ற நிறங்களும் பதவிப்படி பங்கு போடப்பட்டிருந்தன. மண்ணிறம் இவருக்கு. பக்கத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். ஒத்துக்கொள்ளாவிட்டால் புள்ளி இருக்காது, அவர் நேரே உங்கள் மேசைக்கு வந்து நிற்பார். சத்தம் போட்டதே இல்லை. "எங்கை எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் பயந்த மாதிரி என் கலியாணத்துக்குக்கூடப் பயப்படவில்லை.

எங்கே போய்வந்தாலும் ஃபெர்மெர்க் எழுத வேண்டும். கோப்பில் சேர்க்கிற குறிப்பு அது. டொக்டர் பிராண்டலின் பிரிவில் அதற்கு மூன்று பகுதிகள் இருந்தன. நான் பார்த்தது, சட்டம் சொல்வது, எனக்குத் தெரியாதது. என் முதலாவது குறிப்பில் மூன்றாம் பகுதியை வெறுமையாக விட்டிருந்தேன். கெட்டிக்காரி என்று நினைப்பார் என்பது என் எண்ணம். அவர் என் மேசைக்கு வந்து நின்றார். (ஃப்ராவ் என்றால் ஜேர்மனில் திருமதி.)

"ஃப்ராவ் சிவநேசன், உங்களுக்குத் தெரியாதது ஒண்டும் இல்லையோ?"

"இல்லை, டொக்டர்."

"அப்ப நீங்கள் வடிவாப் பாக்கேல்லை. திருப்பிப் போங்கோ."

ரயிலில் இரண்டு மணித்தியாலம் திரும்பிப் போனேன். அதன்பிறகு மூன்றாம் பகுதி என் குறிப்புகளில் வெறுமையாக இருந்ததே இல்லை.

இனி ஆறு. பதினான்கில் இரண்டு ஊர்கள் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிராக இருந்தன. நடுவில் ஒரு தட்டைப் படகு. காரைநகர்ப் பக்கத்தார் 'பாதை' என்று சொல்லும் சாமான்தான். மூன்று கார் பிடிக்கும். இயந்திரம் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தில் கொழுவி, ஓட்டம் தள்ளத் தள்ள நாலு நிமிடத்தில் அக்கரை சேரும். அடுத்த பாலத்துக்குப் பத்தொன்பது கிலோமீற்றர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேக்கரி வான், மிருக வைத்தியர் எல்லோரும் அதில்தான் போனார்கள்.

படகை நடத்தியது ஒரு சின்ன நிறுவனம். அதை நூறு பங்காகப் பிரித்து, ஆரம்பத்தில் இரண்டு ஊர்களுக்குமாக ஐம்பத்தைந்தும் படகுக்காரர் குடும்பத்துக்கு நாற்பத்தைந்தும் வைத்திருந்தார்கள். ஊர்களுக்குப் பாதிக்கு மேல் இருந்தபடியால் படகு நிறுவனமும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அந்த உறுப்புரிமை இல்லாவிட்டால் படகு இல்லை. அந்தக் கிழட்டுப் படகை எந்தக் காப்புறுதி நிறுவனமும் தொடமாட்டேன் என்றுவிட்டது. மேயர் எழுதிக் கேட்டிருந்தார், எல்லோரும் மரியாதையாக மறுத்த கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தார்.

மேயர் திருமதி கெஸ்லர் வலக்கரை ஊர்க்காரர், சங்கத்தின் செயலாளரும் அவரே. ஒரு வெள்ளிக்கிழமை நான் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். படகு நிறுவனத்தில் ஊர்களின் பங்கு ஐம்பத்தொன்று என்று இருந்தது. சரி என்று அடையாளம் போட்டேன். மேயர் சந்தோசமாகக் கையைத் தேய்த்தார்.

"நாளைக்குப் பின்னேரம்தான் உங்களுக்கு பஸ். காலமை எங்கடை படகுக்காரர் ருடிக்குக் கலியாணம். வந்திட்டுப் போங்கோ," என்றார்.

போனேன். போகாமல் விட என்னால் ஏலாது, கலியாணம் என்றால் எனக்குக் கால் தானாக நடக்கும். ருடிக்கு அது மூன்றாவது. மணமகள் மோனி பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள், அதிகம் பேசாதவள். முதல் மனைவி அனெட் படகுத்துறையில் கோப்பிக் கடை வைத்திருந்தாள், கலியாணக் கேக் அவள் செய்தது. இரண்டாவது மனைவி பிர்கிட் படகின் நேர அட்டவணையும் ரிக்கற்றும் பார்ப்பவள், அன்றைக்குப் பூ அலங்காரம் அவளுடையது. எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஆட்களின் கலியாணங்களில் முதல் மனைவி கேக் செய்து கொண்டுவந்து நான் கண்டதில்லை.

கேக் வெட்டுவதற்கு முன் மேயர் மேடைக்கு வந்தார். பின்னால் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வந்தார். அந்த ஊர்களில் ஒரு வழக்கம். படகு வீடு வெள்ளம் வருகிற கரையில் இருப்பதால் பழைய காலத்தில் படகுக்காரருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லையாம். ஆகவே படகுக்காரரைக் கட்டும் பெண்ணுக்கு ஊர்கள் தங்கள் பங்கிலிருந்து இரண்டை அவள் பெயரிலேயே எழுதிக் கொடுக்கும். அவள் அவரை விட்டுப் போனாலும் பங்கு அவளுடையது. பத்திரத்தை நொத்தாரிசு எல்லோர் முன்னிலையிலும் முழுக்க வாசித்த பிறகே கையெழுத்து வைக்கலாம், அது சட்டம். அக்கோடியன் வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பதினொரு பக்கம் வாசித்தார். நான் ஒரு கதிரையில் ஏறி நின்று, ஒரு சொல் விடாமல் கேட்டேன். மோனி கையெழுத்து வைத்ததும் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன். அனெட் எனக்குக் கேக் இரண்டு துண்டு தந்தாள்.

திங்கட்கிழமை வந்து ஃபெர்மெர்க் எழுதினேன். அரச ஊழியர் வெளியில் எதைச் சாப்பிட்டாலும் அறிவிக்க வேண்டும். ஆகவே நேர்மையாக எழுதினேன்: கலியாணம் ஒன்றில் கேக் இரண்டு துண்டு, கோப்பி ஒன்று. என்ன கலியாணம் என்று கேட்பாரே என்று, மணமகளுக்கு ஊர்கள் இரண்டு பங்கு எழுதிக் கொடுத்த அழகான வழக்கத்தைப் பற்றியும் நாலு வரி சேர்த்தேன். அந்த நாலு வரி நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் பெருமை வேறு.

டொக்டர் பிராண்டல் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் ஒரு துண்டு ஆப்பிள் இருந்தது, அதைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேக்கிலை எனக்குப் பிரச்சினை இல்லை," என்றார். "ஃப்ராவ் சிவநேசன், ஐம்பத்தொண்டிலை ரெண்டு போனா எவ்வளவு?"

"நாற்பத்தொன்பது," என்றேன். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வாய் சொன்னது என் முகத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நாற்பத்தொன்பது பாதிக்குக் குறைவு. முதல் கலியாணத்தில் ஐம்பத்தைந்து ஐம்பத்துமூன்றானது, இரண்டாவதில் ஐம்பத்தொன்றானது, மூன்றாவதில் என் கண்ணுக்கு முன்னால், நான் கதிரையில் நின்று கை தட்ட, படகு நிறுவனம் வெளியார் நிறுவனமாகிவிட்டது. அது உள்ளே இருக்கிற சங்கம் சனிக்கிழமை முதல் அனுமதி இல்லாத காப்புறுதி நிறுவனம். சங்கத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் படகை வெளியே போடவேண்டும். படகை வெளியே போட்டால் அது அடுத்த நாளே கரையில் கட்டப்படும்.

"டொக்டர், நான் அந்தக் கேக்கைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தா..."

"நீங்கள் எழுதினீங்கள். உங்களுக்குத் தெரியும், இப்ப எனக்குத் தெரியும், கோப்புக்கும் தெரியும்." ஆப்பிளைக் கடித்து மென்று முடித்தார். "முடிவு எழுத முந்தி அவையைக் கேக்கச் சொல்லிச் சட்டம் சொல்லுது. எட்டுக் கிழமை தவணை. போய்க் கேளுங்கோ. ஒண்டை மறக்காதேங்கோ. நாங்கள் மேற்பார்வை. ஆலோசனை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் கேள்வி மட்டும் கேக்கலாம்."

வீட்டில் சிவநேசனிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி விழுந்தது.

"எங்கடை ஆக்களெண்டா குடுத்ததைத் திருப்பிக் கேட்டு எப்பவோ வழக்குப் போட்டிருப்பினம். அவையைத் திருப்பிக் கேக்கச் சொல்லுமன்," என்றார்.

"சொல்ல எனக்கு ஏலாது. கேள்வி மட்டும்தான் கேக்கலாம்."

"முப்பது வருஷமா என்னை அப்பிடித்தானே ஓட்டுறீர். அதை அங்கை செய்யுமன்," என்றார்.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகிப் பதினாறு வருடம்தான். அவர் கணக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

கடிதம் போனது, பதில் வந்தது. விசாரணையைப் படகிலேயே வைக்கலாமா என்று மேயர் கேட்டிருந்தார். வேலை நாளில் ருடியால் படகை விட்டு வர முடியாது, ருடி இல்லாமல் பேசவும் முடியாது. படகில் விசாரணை வைக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று டொக்டர் பிராண்டலிடம் கேட்டேன். அவர் கடிதத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

கலியாணம் முடிந்து ஏழாவது கிழமை, நல்ல வெயில். அனெட் தன் கோப்பிக் கடையிலிருந்து மேசை ஒன்றைக் கொண்டுவந்து படகின் நடுவில் வைத்தாள். ஒரு பக்கம் மேயர், எதிரே மூன்று பெண்களும், முனையில் நான். ருடி சற்றுத் தள்ளிச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வடத்தைப் பார்த்தபடி நின்றார். தலை நரைத்த, நீளமான மனிதர். மூன்று பெண்கள் ஏன் கட்டினார்கள் என்று பார்த்தவுடன் விளங்கவில்லை. அவர் ஒருமுறை திரும்பிச் சிரித்தார், அப்போது கொஞ்சம் விளங்கியது.

நாலு நிமிடம் அக்கரை, இறக்கி ஏற்ற மூன்று நிமிடம், நாலு நிமிடம் இக்கரை. ஒவ்வொரு முறையும் மேசையைத் தள்ளிப் பேக்கரி வானுக்கு வழி விட்டோம். நான் ஓட்டத்துக்கு முதுகு காட்டி இருந்தேன், இரண்டாவது கரையிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்தது. கோப்பு பறக்காமல் அதன்மேல் அனெட் ஒரு சீனிச் சாடியை வைத்தாள்.

"ஊர்களிட்டை இப்ப எவ்வளவு பங்கு இருக்கு?" என்று தொடங்கினேன்.

"நாற்பத்தொன்பது," என்றார் மேயர். "எனக்கு விளங்குது, ஃப்ராவ் சிவநேசன். ஒண்டு திரும்பி வந்தாப் போதும். ஆனா கலியாணத்துக்குக் குடுத்ததைத் தா எண்டு கேக்க என்ரை வாய் வராது. என்ரை அம்மா மேயரா இருக்கேக்கை ஒரு பெண்ணுக்குக் குடுத்தவ, நான் ரெண்டு பெண்ணுக்குக் குடுத்தனான்."

"ஆராவது தானாத் தர விரும்பினமோ?" என்று கேட்டேன். இது கேள்விதான் என்று மனதுக்குள் இரண்டு தரம் சரிபார்த்துக்கொண்டேன்.

அனெட் முதலில் பேசினாள். "நான் தருவன். ஆனா முதல் வந்தவ நான். முதல் வந்தவ முதல் போறதோ? பிர்கிட் தரட்டும்."

"நான் தந்தா எனக்கு ஒண்டு மிஞ்சும்," என்றாள் பிர்கிட். "வருஷக் கூட்டத்திலை உனக்கு ரெண்டு வாக்கு, எனக்கு ஒண்டு. நீ கோடை கால அட்டவணையை உன்ரை கடைக்குத் தோதா மாத்துவாய். எனக்குத் தெரியும் உன்னை."

"அப்ப மோனி தரட்டும். அவவுக்குக் கிடைச்சு ஏழு கிழமைதானே."

மோனி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வருவதை நான் கண்டேன். அது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பங்கை அவளிடமிருந்து பிடுங்க வந்தவள், அதைக் கொடுத்தபோது கதிரையில் ஏறி நின்று கை தட்டிய அதே ஆள்.

பேக்கரி வான் வந்தது, மேசையைத் தள்ளினோம். மிருக வைத்தியர் வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டு, மூவரும் பாதிப் பாதியாகத் தரலாமே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதை வைத்து இரண்டு கரை நேரம் சண்டை பிடித்தார்கள். பிர்கிட் ருடியை விட்டுப் போய்ப் பதினொரு வருடமாம். ஆனாலும் அந்தப் படகில் தனக்கு ஒரு சொல் இருக்கிறது என்பது வேறு கதை என்றாள். "ருடியை விட்டிட்டன். படகை விடேல்லை," என்றாள். அனெட் தலையை ஆட்டி அவள் கையைப் பிடித்தாள். ஒருத்திக்கு ஒருத்தி விட்டுக்கொடுக்கவில்லை, ஒருத்தியை ஒருத்தி விடவும் இல்லை. நான் இரண்டரை மணித்தியாலமாகக் கேள்வி மட்டும் கேட்டேன். கேட்க ஒன்றும் மிச்சம் இல்லை என்று நினைத்தபோது, எனக்கு மூன்றாம் பகுதி நினைவு வந்தது. எனக்கு இங்கே என்ன தெரியாது? தலை கிறுகிறுப்போடு மேசையைச் சுற்றிப் பார்த்தேன். மேயருக்கு நாற்பத்தொன்பது, அனெட்டுக்கு இரண்டு, பிர்கிட்டுக்கு இரண்டு, மோனிக்கு இரண்டு. கூட்டினால் ஐம்பத்தைந்து.

"ருடி," என்றேன். அன்றைக்கு முதல் தடவையாக அவரிடம் பேசினேன். "உங்களிட்டை எத்தனை இருக்கு?"

அவர் வடத்திலிருந்து கண்ணை எடுத்தார். "நாற்பத்தஞ்சு. அப்பா தந்தது."

"அதிலை ஒண்டை ஊருக்குக் குடுக்கக்கூடாது எண்டு எங்கையும் எழுதியிருக்கோ?"

படகு கரையில் முட்டியது. பேக்கரி வான்காரர்கூட இறங்காமல் இருந்தார்.

"இல்லை," என்றார் ருடி. "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. சட்டத்தைக் கரைத்துக் குடித்த டொக்டர் பிராண்டலும் நானும் கேட்கவில்லை. பங்கு என்றாலே கலியாணப் பெண்ணுக்குக் கொடுப்பது என்று ஊர் பழகிவிட்டது, ஆகவே திருப்பித் தருவதும் பெண்ணுடைய பாடு என்று ஏழு கிழமையாக நாங்கள் எல்லோரும் மூன்று பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தைந்தை வைத்திருந்த மனிதர் எங்களுக்கு முன்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். அனெட் சீனிச் சாடியைத் தூக்கினாள். எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாடியை வைத்துவிட்டு மேசையில் தலையைப் போட்டுச் சிரித்தாள். பிர்கிட்டும் சிரித்தாள். எனக்கு அடக்க முடியவில்லை, விசாரணை நடத்துகிற அரச ஊழியர் என்பதையும் மறந்து கண்ணீர் வரச் சிரித்தேன். கோப்பின் இரண்டு பக்கம் ஆற்றில் போயிற்று. நல்ல காலம், இரண்டும் நகல்கள்.

மேயர் முதலில் தெளிந்தார். "அப்ப வடிவாச் செய்வம். ஒண்டு ஏன்? ருடி, ஆறு தா. திருப்பி ஐம்பத்தஞ்சு ஆக்குவம். ஒரு பயமும் இல்லாமல் இருக்கலாம்."

"ஆறோ? எடுங்கோ," என்றார் ருடி. அவருக்குப் படகு ஓடினால் போதும். "எனக்கு உந்தப் பேப்பரிலை ஒரு ஆசையும் இல்லை."

நான் நிம்மதியாகப் பேனாவை எடுத்தேன். அப்போது மோனி பேசினாள்.

"ஒண்டு போதும்."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். கண் இன்னும் ஈரமாக இருந்தது, குரல் உலர்ந்திருந்தது.

"ஃப்ராவ் சிவநேசன், நான் ஒரு கேள்வி கேக்கலாமோ? ஊர்களிட்டைச் சரியா ஐம்பது இருக்கு எண்டு வையுங்கோ. அது சட்டத்துக்குப் போதுமோ?"

"ஓம், போதும். பாதிக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான்."

"பேந்து ஒரு காலத்திலை இன்னொரு கலியாணப் பெண்ணுக்கு ஊர் ரெண்டு குடுத்தா?"

"நாற்பத்தெட்டு. சங்கத்திலை இருக்க ஏலாது. படகு நிக்கும்."

"அதை நீங்கள் வந்து பாப்பீங்களோ?"

"சில வருஷத்துக்கு ஒருக்கா. கட்டாயம்."

மோனி மேயரின் பக்கம் திரும்பினாள். "அப்ப ஒண்டு போதும்," என்றாள் மறுபடியும். "அதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம்."

விளங்க எனக்கு அரைக் கரை நேரம் எடுத்தது. அனெட்டுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் எழுந்து போய் மோனியின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். பிர்கிட் ருடியைப் பார்த்து, "இனி நீ வடத்தை மட்டும் பார்," என்றாள். ருடி கழுத்து வரை சிவந்து, வடத்தைப் பார்த்தார்.

அடுத்த கிழமை நொத்தாரிசு பத்திரம் வாசித்தார். ஒரே ஒரு பங்கு, ஆனாலும் பதினொரு பக்கம். தவணைக்கு மூன்று நாள் மிச்சம் இருந்தது. நான் ஃபெர்மெர்க் எழுதினேன். சங்கம் காப்புறுதி இல்லை, படகு உள்ளே இருக்கலாம். மூன்றாம் பகுதியில், 'ஆறு கிடைக்க இருந்தும் ஊர்கள் ஏன் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டன என்பது சட்டத்தால் விளக்கக்கூடியது அல்ல' என்று எழுதினேன். டொக்டர் பிராண்டல் என் மேசைக்கு வந்து நின்று, ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு தோள் குலுங்கியது. பன்னிரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதையும் முதுகுப் பக்கமாகத்தான் பார்த்தேன்.

அதன்பிறகு எத்தனையோ சங்கங்கள், எத்தனையோ கோப்புகள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் முறை வரும்போது நான் முதல் நாளே பையைக் கட்டிவிடுவேன். ஒவ்வொரு முறையும் ஐம்பது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஓய்வுக்கு முன் கடைசி முறை போனபோது சொல்லிக்கொண்டு வரவென்று படகில் ஏறினேன். அனெட் கோப்பி தந்தாள், பிர்கிட் ரிக்கற்றுக்குப் பணம் வாங்க மறுத்தாள், நான் விதியைச் சொல்லிப் பணத்தைக் கையில் வைத்தேன். ருடிக்குத் தலை முழுக்க வெள்ளை, இப்போதும் அதே சிரிப்பு. மோனி பங்குப் பதிவேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான் கேட்பதற்கு முன்பே நீட்டினாள். பார்த்தேன், அடையாளம் போட்டேன். இதுதான் நான் வருகிற கடைசித் தடவை என்று சொன்னேன். அவர்களை எல்லாம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்றும் சொன்னேன், அழுகையும் கொஞ்சம் வந்தது.

மோனி அழவில்லை. உறையை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பதற்றத்தோடு கேட்டாள்.

"நீங்கள் போனாப் பிறகும் ஆராவது வந்து பாப்பினம்தானே?"